மேடையில் விற்கும் 'இளமை மாத்திரை': மதுரை ஓய்வூதியர் சங்கங்களுக்கும் நடைப்பயிற்சிக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளே, உறுப்பினர்களே,

வணக்கம். அண்ணா நகர்ப் பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் மருந்தாளுநர் நான். உங்களில் பல பேருக்கு மாதாமாதம் பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் எடுத்துக் கொடுக்கிறவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். கொஞ்ச காலமாகவே, சங்கக் கூட்டம் நடந்த மறுநாள் கடைக்கு வருகிறவர்கள் பைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்து கவுண்டர் மேல் வைத்து, "ஏம்மா, இது நல்லதுதானா?" என்று கேட்கிறார்கள். பாட்டில்கள் வேறு வேறு கம்பெனி. உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான், ஸ்பெர்மிடின். கூட்டத்தில் ஒருத்தர் வந்து அரை மணி நேரம் பேசினாராம். வயதைத் திருப்பும் இயற்கைப் பொருள் என்றாராம். அன்றைக்கு மட்டும் தள்ளுபடி என்றாராம். தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் நடக்கிற குழுக்களிலும் இதே பேச்சு என்று கேள்விப்படுகிறேன்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. விற்பனைக்கு வருகிறவர்களிடம் கூட்டத்து மைக்கைக் கொடுக்காதீர்கள். ஏன் என்று விளக்க, இந்தப் பொருள் உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் மேடையில் அவர்கள் சொல்வது முழுப்பொய் கிடையாது. முழுப்பொய்யாக இருந்தால் எனக்கு வேலை சுலபம்.

முதலில் பாட்டிலைப் பார்ப்போம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கொண்டுவந்தது. முன்பக்கம் தங்க எழுத்தில் '800 மி.கி.' என்று பெரிதாகப் போட்டிருந்தது. பின்பக்க எழுத்தைக் கண்ணாடி போட்டும் படிக்க முடியாமல், செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தோம். கோதுமை முளைக்கருச் சாறு 800 மில்லிகிராம், அதில் ஸ்பெர்மிடின் 1 மில்லிகிராம். சார் இரண்டு தடவை படித்துவிட்டு, "அப்ப மிச்சம் 799?" என்று கேட்டார். மிச்சம் கோதுமைதான் சார் என்றேன். அதே பக்கத்தின் அடியில், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வரி ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. துணை உணவு என்று விற்கப்படும் எந்தப் பொருளும் போட்டாக வேண்டிய வரி அது. மேடையில் அதை யாரும் வாசித்துக் காட்டியதாக இதுவரை கேள்விப்படவில்லை.

சரி, பொருளுக்கு வருவோம். ஸ்பெர்மிடின் பாலிஅமீன் என்ற குடும்பத்தைச் சேர்ந்த சின்ன மூலக்கூறு. ஒரு கார்பன் சங்கிலி, அதில் மூன்று நைட்ரஜன். உடம்புக்குள் அந்த மூன்றும் நேர்மின்னூட்டம் பெற்று நிற்கும். டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் எதிர்மின்னூட்டம் கொண்டவை என்பதால், இது அவற்றோடு ஒட்டிக்கொண்டு அவை குலையாமல் இருக்கத் துணைசெய்கிறது. செல் வளர, பிரிய, புரதம் தயாரிக்க இது வேண்டும். டச்சுக்காரர் லீவன்ஹூக் 1678 வாக்கில் தன் நுண்ணோக்கி வழியாக விந்துத் திரவத்தில் பார்த்த படிகங்கள் இந்தக் குடும்பத்துப் பொருள்தான். அதைச் சாக்காக வைத்து "ஆம்பளைங்களுக்கு ரொம்ப நல்லது" என்று காதோடு சொல்லி விற்பதும் நடக்கிறது. பாக்டீரியா முதல் மனிதர் வரை, ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் இருக்கிற பொருள் இது.

நமக்கு இது மூன்று வழியில் கிடைக்கிறது. ஒன்று, செல்லே தயாரித்துக்கொள்ளும். அர்ஜினின் என்ற அமினோ அமிலம் ஆர்னிதினாகும், ஆர்னிதின் பியூட்ரெசினாகும், பியூட்ரெசின் ஸ்பெர்மிடினாகும், அதிலிருந்து ஸ்பெர்மின் உருவாகும். இரண்டாவது சாப்பாடு. மூன்றாவது, பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் தயாரித்துத் தருவது. வயதாக ஆகப் பல திசுக்களில் ஸ்பெர்மிடின் அளவு குறைகிறது. விற்பனைப் பேச்சு முழுக்க இந்தக் கடைசி வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது. குறைகிறது, ஆகவே நிரப்புங்கள் என்கிறார்கள்.

நிரப்பினால் என்ன நடக்கும் என்பதற்கு அவர்கள் சொல்லும் பதில் ஆட்டோபேஜி. இது நிஜமான விஷயம், அழகான விஷயமும்கூட. செல்லுக்குள் பழுதான புரதமும், செல்லுக்குச் சக்தி தயாரித்து ஓய்ந்துபோன மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்புகளும் சேர்ந்துகொண்டே இருக்கும். செல் அவற்றை ஒரு சவ்வுப் பைக்குள் வளைத்துப் பிடித்து, செரிக்கும் நொதிகள் நிறைந்த லைசோசோமிடம் ஒப்படைக்கிறது. அங்கே அது உடைந்து, வருகிற துண்டுகள் புதிய புரதம் கட்டப் பயன்படுகின்றன. பழைய இரும்புக்கடைக்குப் போன சாமான் உருக்கி வேறொன்றாக வார்க்கப்படுவது போலத்தான். இந்த வேலையை இயக்கும் மரபணுக்களை ஈஸ்டில் கண்டுபிடித்ததற்காக ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது. வயதாக ஆக இந்த வேலை மந்தமாகிறது.

ஸ்பெர்மிடின் இதை எப்படித் தூண்டுகிறது? இரண்டு வழிகள் ஓரளவு தெளிவாகத் தெரிந்திருக்கின்றன. இபி300 என்று ஒரு நொதி, ஆட்டோபேஜிக்கு வேண்டிய புரதங்களின் மேல் அசிட்டைல் என்ற சின்ன வேதிக் குழுவை ஒட்டிவைத்து அவற்றை முடக்கிப்போடும். ஸ்பெர்மிடின் அந்த நொதியைத் தடுக்கிறது, முடங்கிய புரதங்கள் மறுபடி வேலையைத் தொடங்குகின்றன. இன்னொரு வழி இன்னும் நுட்பமானது. ஸ்பெர்மிடின் தன் உடம்பிலிருந்து ஒரு துண்டைக் கழற்றி, ஈஐஎஃப்5ஏ என்ற புரதத்தில் குறிப்பிட்ட ஓரிடத்தில் பொருத்தக் கொடுக்கிறது. அப்படித்தான் ஹைப்பூசின் என்ற அபூர்வ அமினோ அமிலம் உருவாகிறது. நம் உடம்பில் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருந்தும், ஹைப்பூசின் இருப்பது இந்த ஒரு வகைப் புரதத்தில்தான். அது சரியாக அமைந்தால்தான் டிஎஃப்இபி என்ற கட்டுப்பாட்டுப் புரதம் போதுமான அளவு உண்டாகும். ஆட்டோபேஜிக்கும் லைசோசோமுக்கும் வேண்டிய மரபணுக்களை முடுக்கிவிடுவது அந்த டிஎஃப்இபி. வயதான எலிகளின் நோய் எதிர்ப்புச் செல்களில் இந்த வழி தொய்ந்துபோவதையும், ஸ்பெர்மிடின் கொடுத்தால் நிமிர்வதையும் காட்டியிருக்கிறார்கள்.

எலிகளில் மட்டும் இல்லை. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து ஆய்வாளர்கள் 2009-இல் ஈஸ்ட், பழ ஈ, புழு மூன்றிலும் ஸ்பெர்மிடின் ஆயுளைக் கூட்டியதைக் காட்டினார்கள். 2016-இல், குடிநீரில் கலந்து கொடுத்த எலிகள் கூடுதலாக வாழ்ந்தன, வயதான பிறகு தொடங்கினாலும் பலன் இருந்தது, இதயமும் நன்றாக இருந்தது. உண்ணாநோன்பு பற்றி 2024-இல் வந்த ஆய்வு எனக்கு இன்னும் சுவாரசியமாகப் பட்டது. பட்டினி கிடக்கும்போது ஈஸ்டிலிருந்து மனிதர் வரை ஸ்பெர்மிடின் அளவு கூடுகிறது. அதைத் தயாரிக்க விடாமல் தடுத்துவிட்டால், பட்டினியால் ஈஸ்டுக்கும் புழுவுக்கும் ஈக்கும் கிடைக்கிற ஆயுள் பலன் குறைந்துபோகிறது. இதைத்தான் ஒருத்தர் மேடையில், "திருப்பரங்குன்றத்துல காப்பு கட்டி ஆறு நாள் சஷ்டி விரதம் இருக்கீங்களே, அது மொத்தமும் இந்த ஒரு காப்ஸ்யூலுக்குள்ள இருக்கு" என்று சொன்னாராம். கேட்டவர்கள் கைதட்டினார்களாம். பேச்சு எனக்கும் பிடித்தது, கணக்குத்தான் இடிக்கிறது.

இடிக்கும் இடம் இதுதான். ஸ்பெர்மிடின் செல்லுக்குள் என்ன செய்கிறது என்பது ஒரு கேள்வி. வாய்வழியாக ஒரு மில்லிகிராம் விழுங்கினால் அது செல்லுக்குள் போய்ச் சேருகிறதா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான பதிலைக் காட்டி இரண்டாவதை விற்கிறார்கள்.

இந்தப் பொருளின் அளவைச் செல் தன் கட்டுப்பாட்டில் இறுக்கமாக வைத்திருக்கிறது. பாலிஅமீன் கூடினால் ஆன்டிசைம் என்ற புரதம் கிளம்பி வந்து, தயாரிக்கும் முதல் நொதியைப் பிடித்து அழிவுக்கு அனுப்பும். வெளியிலிருந்து உள்ளே இழுப்பதையும் குறைத்துவிடும். கூடிப்போனதை உடைத்து வெளியே தள்ள வேறு நொதிகள் இருக்கின்றன. 2023-இல் வெளியான ஒரு ஆய்வில், ஆரோக்கியமான 12 பேருக்கு நாளுக்கு 15 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் கொடுத்துப் பார்த்தார்கள். நம் பாட்டிலில் இருப்பதைப் போல 15 மடங்கு. ரத்தத்தில் ஸ்பெர்மிடின் அளவு கூடவில்லை. ஸ்பெர்மின்தான் கூடியது. அதாவது விழுங்கியது ரத்தத்துக்கு வருவதற்குள்ளேயே அடுத்த பொருளாக மாறிவிடுகிறது என்று கருதுகிறார்கள். அப்படியானால் ஒரு மில்லிகிராம் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஞாபக மறதிக்கு நல்லது என்று சொல்வார்கள். அதற்கு ஒரு அச்சுப்பிரதியும் வைத்திருப்பார்கள். 2018-இல் பெர்லின் ஆய்வாளர்கள் 30 பேரிடம் மூன்று மாதம் நடத்திய சிறு ஆய்வு அது. ஞாபகத்தில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது உண்மை. அதே பெர்லின் ஆய்வாளர்கள் அதைப் பெரிதாகச் செய்து பார்த்தார்கள். 60 முதல் 90 வயதுக்குள் 100 பேர், ஒரு வருடம், நாளுக்கு 0.9 மில்லிகிராம். பாதிப் பேருக்கு நிஜ காப்ஸ்யூல், பாதிப் பேருக்கு வெற்று காப்ஸ்யூல். 2022-இல் முடிவு வந்தது. ஞாபகச் சோதனையில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. இந்த இரண்டாவது தாளை யார் பையிலும் நான் பார்க்கவில்லை.

மனிதர்களைப் பற்றி அவர்களிடம் இருக்கும் உருப்படியான சான்று, இத்தாலியின் வடக்கே புரூனெக் என்ற ஊரில் 829 பேரை 1995 முதல் 2015 வரை தொடர்ந்து கவனித்தது. சாப்பாட்டில் ஸ்பெர்மிடின் அதிகம் இருந்த மூன்றில் ஒரு பங்கினருக்கு, குறைவாக இருந்த மூன்றில் ஒரு பங்கினரைவிட இறப்பு அபாயம் குறைந்திருந்தது. 5.7 வயது இளையவர்களுக்கு இருக்கும் அளவுக்கு வித்தியாசம். கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் அந்த மக்கள் மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. முழுத்தானியம், ஆப்பிள், பேரிக்காய், சாலட், முளைகட்டிய பயறு, உருளைக்கிழங்கு என்று சாப்பிட்டிருக்கிறார்கள். அதிகம் எடுத்தவர்களின் அளவு நாளுக்குச் சுமார் 11.5 மில்லிகிராமுக்கு மேல், குறைவாக எடுத்தவர்களுடையது 9 மில்லிகிராமுக்குக் கீழே. இப்படிச் சாப்பிடுகிறவர்கள் நடந்திருக்கலாம், புகைக்காமல் இருந்திருக்கலாம். அதையெல்லாம் கணக்கில் கழித்துப் பார்த்தார்கள் என்றாலும், இப்படிப்பட்ட ஆய்வால் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாட்டிலில் இருக்கும் கோதுமை முளைக்கரு, மைதா ஆக்கும்போது மில்லில் பிரித்து எடுத்துவிடுகிற பாகம். கோதுமை மணியின் எடையில் 2 முதல் 3 சதவீதம்தான் அது. அதில் எண்ணெய் இருப்பதால் மாவு சீக்கிரம் காறிப்போகும், அதனால் எடுக்கிறார்கள். பரோட்டாவைக் குறை சொல்லிவிட்டு மதுரையில் குடியிருக்க முடியாது, தெரியும். இருந்தாலும் ராத்திரி முளைக்கரு நீக்கிய மாவில் நாலு பரோட்டா தின்றுவிட்டு, நீக்கிய அந்த முளைக்கருவைக் காலையில் காப்ஸ்யூலாக விழுங்க மாதம் சில ஆயிரம் கொடுப்பது எனக்கு ஜீரணமாகவில்லை. 100 கிராம் முளைக்கருவில் 24 மில்லிகிராம் வரை ஸ்பெர்மிடின் உண்டு. அப்படிப் பார்த்தால் காப்ஸ்யூலில் இருக்கும் ஒரு மில்லிகிராம் நாலைந்து கிராம் முளைக்கருவில் வந்துவிடும். தெரு மாவு மில்லில் முழுக் கோதுமையைக் கொடுத்து அரைத்தால் முளைக்கருவும் சேர்ந்தே வரும். சோயா, பச்சைப் பட்டாணி, காளான், பயறு வகைகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஒரு கைப்பிடி சோயா பீன்ஸில் அந்தக் காப்ஸ்யூலில் இருப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அதற்காகச் சோயா தின்றால் ஆயுள் கூடும் என்று நான் சொல்ல வரவில்லை. அதையும் யாராவது பாக்கெட் போட்டு விற்கத் தொடங்கிவிடுவார்கள்.

"நல்லது செய்யாட்டி போகுது, கெட்டதும் செய்யாதுல்ல?" என்று கேட்கிறவர்கள் உண்டு. இதுவரை நடந்த ஆய்வுகளில், குறைந்த அளவில் எடுத்தவர்களுக்குப் பெரிய தொந்தரவு எதுவும் தெரியவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் இந்த முளைக்கருச் சாற்றை, பெரியவர்களுக்கு நாளுக்கு 6 மில்லிகிராம் ஸ்பெர்மிடின் என்ற அளவு வரை அனுமதித்திருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் அங்கேயும் அனுமதி கிடையாது. கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்காரர்களும் தொடக்கூடாது. ஆனால் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. புற்றுநோய்ச் செல்களுக்கும் வேகமாக வளரப் பாலிஅமீன் வேண்டும். பாலிஅமீன் தயாரிப்பைத் தடுக்கும் எஃப்லோர்னிதின் என்ற மருந்தையே, குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க்கு அமெரிக்காவில் 2023 டிசம்பரில் அனுமதித்தார்கள். இந்தக் காப்ஸ்யூல் புற்றுநோயை வளர்க்கும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. இருந்தாலும் கீமோ போய்க்கொண்டிருக்கும் ஒருவர், தன் டாக்டரிடம் கேட்காமல் சங்கத்து மேடைப் பேச்சை நம்பி இதை விழுங்குவதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நேரடியாக நான் பார்த்த கெடுதல் வேறு. பெரியவர் ஒருவர் தலை கிறுகிறுக்கிறது என்று கடைக்கு வந்தார். உட்கார வைத்துப் பிரஷர் பார்த்தால் மேல் அளவு 190-ஐத் தாண்டியிருந்தது. வழக்கமாக வாங்கும் மாத்திரையை அந்த மாதம் அவர் வாங்கவே இல்லை. கேட்டதற்கு, "அதான் இயற்கையா ஒண்ணு சாப்பிடறேனேம்மா, அவங்கதான் இங்கிலீஷ் மருந்த கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம்னாங்க" என்றார். உப்பு கொடுத்து வளர்த்த எலிகளுக்கு ஸ்பெர்மிடின் பிரஷரைக் குறைத்தது என்று ஒரு ஆய்வு உண்டு, அது அவர் காதுவரை இந்த உருவத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இப்போது நன்றாக இருக்கிறார். பக்கவாதம் வந்திருந்தால் யார் பதில் சொல்வது? அந்த விற்பனையாளர் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

சட்டம் இருக்கத்தான் செய்கிறது. துணை உணவு என்பது சட்டப்படி உணவு. மருந்துக்குக் கேட்கிற மாதிரி நோயாளிகளிடம் சோதித்துக் காட்டு என்று இதற்குக் கேட்பதில்லை. லேபிளில் இருக்கும், உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) தரும் 14 இலக்க எண், தயாரிக்கிறவர் உரிமம் பெற்றவர் என்பதைச் சொல்லும். உள்ளே இருப்பது வேலை செய்யும் என்று அது சொல்லவில்லை. மேடையில் அந்த எண்ணைக் காட்டி "கவர்மென்ட்டே அப்ரூவ் பண்ணது" என்கிறார்கள். உணவைப் பற்றித் தவறாக விளம்பரம் செய்தால் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, இதயநோய், புற்றுநோய் இவற்றையெல்லாம் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்புக்கென்று நியமன அலுவலர் இருக்கிறார், புகார் கொடுக்கலாம். ஆனால் நோட்டீஸில் எதுவும் அச்சடிக்காமல் வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர் மேல் எதை வைத்துப் புகார் கொடுப்பது? அதனால்தான் உங்கள் வாசலிலேயே நிறுத்தச் சொல்கிறேன்.

இதில் இருக்கும் சங்கடமும் எனக்குப் புரிகிறது. விற்க வருகிறவர் வெளியாள் இல்லை. கூட வேலை பார்த்த சாரின் பையன், இல்லையென்றால் பொருளாளரின் மருமகன். சில இடங்களில் உறுப்பினரே ஏஜெண்ட் ஆகிவிட்டார், தனக்குக் கீழே நாலு பேரைச் சேர்த்தால்தான் அவர் போட்ட பணம் வரும். முப்பது வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. அந்த முகதாட்சண்யத்தில்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது. தனி ஆள் சொல்ல முடியாததைச் சங்கம் தீர்மானமாகப் போட்டுவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது: கூட்ட நேரத்தில், கூட்ட இடத்தில், உடம்புக்குச் சாப்பிடும் எந்தப் பொருளும் விற்கக்கூடாது, இலவசப் பரிசோதனை என்ற பெயரிலும் கூடாது. பரிசோதனை என்றதும் ஞாபகம் வருகிறது. கையில் ஒரு உலோகக் கம்பியைப் பிடிக்கச் சொல்லி, லேப்டாப்பில் பக்கம் பக்கமாக ரிப்போர்ட் எடுத்து, "உங்களுக்குப் பாலிஅமீன் கம்மி" என்கிறார்களே, அதை நம்பவே நம்பாதீர்கள். பாலிஅமீன் அளவை அறிய ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் பெரிய கருவியில் பிரித்துப் பார்க்க வேண்டும். கம்பியைப் பிடித்தால் உள்ளங்கை வேர்வைதான் தெரியும்.

கூட்டத்தில் உடல்நலம் பற்றி யாராவது பேச வேண்டும் என்றால், விற்க எதுவும் இல்லாதவரைக் கூப்பிடுங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையில் ஓய்வுபெற்ற டாக்டர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், கல்லூரிகளில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் உங்கள் சங்கத்திலேயே உறுப்பினர்கள். ஆட்டோபேஜி பற்றி அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

ஏற்கெனவே பாட்டில் வாங்கி வைத்திருப்பவர்கள் அதை ஒரு தடவை கடைக்குக் கொண்டுவாருங்கள், நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் சீட்டையும் சேர்த்து. லேபிளைப் படித்து, அதில் எத்தனை மில்லிகிராம், விலை என்ன, உங்கள் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதித் தருகிறேன். காசு வேண்டாம். சாயங்காலம் கூட்டமாக இருக்கும், காலையில் பத்து மணிக்கு மேல் வந்தால் நிதானமாகப் பேசலாம். அதுவரைக்கும் பிரஷர் மாத்திரையையும் சுகர் மாத்திரையையும் ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மருந்தாளுநர்,
அண்ணா நகர், மதுரை